கணக்கு மாத்திரை

தலைவலிக்காகக் கொடுத்த மாத்திரை அது. தலைவலி பெரிதாக விட்டபாடில்லை. ஆனால் அதை விழுங்கிய பிள்ளைகள் வகுப்பில் போய் உட்கார்ந்து, யாரும் அதட்டாமலே கணக்குப் போட ஆரம்பித்தார்கள். குழந்தைகளின் மனக்கோளாறுக்கு மருந்து கொடுப்பதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில், கிழக்கு பிராவிடன்ஸ் என்ற ஊரில், 1937க்குச் சற்று முன்பு நடந்தது.

அந்த மருத்துவமனைக்கு ஒரு குழந்தையின் பெயர்: எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம். எம்மாவின் தந்தை ஜார்ஜ் பிராட்லி, தொலைபேசித் தொழில் பிறந்த காலத்திலேயே அதில் பணம் போட்டுச் செல்வந்தரானவர். ஒரே மகள். ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு பிழைத்தாள். வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறைவும் தங்கிவிட்டன. எவ்வளவு பணம் இருந்தும் அப்படிப்பட்ட குழந்தையைக் கொண்டுபோய்க் காட்ட அன்று ஓர் இடம் இல்லை. 1906இல் அவர் இறந்தபோது, தங்களுக்கு நேர்ந்த துயரம் பிற குழந்தைகளுக்காவது பயன்படட்டும் என்று சொத்தை உயில் எழுதி வைத்திருந்தார். அடுத்த ஆண்டே எம்மாவும் போய்விட்டாள். இல்லம் திறக்கப்பட்டது 1931இல். குழந்தைகளுக்கென்றே அமெரிக்காவில் எழுந்த முதல் மனநல மருத்துவமனை அது.

அந்தக் காலத்துக்கு அது தேவையாகவும் இருந்தது. முதல் உலகப்போரை ஒட்டி உலகெங்கும் பரவிய ஒருவகை மூளைக்காய்ச்சலில் உயிர்தப்பிய பிள்ளைகள் பலர், சாதுவாக இருந்தவர்கள்கூட, ஓரிடத்தில் நிற்காதவர்களாக, சட்டென்று கைநீட்டுகிறவர்களாக மாறிப்போயிருந்தார்கள். குணம் கெட்டுவிட்டது என்று சொல்லிப் பெற்றோரைக் குறைகூறுவது அங்கே எடுபடவில்லை. காய்ச்சலுக்கு முன்னும் பின்னும் அதே குழந்தை, அதே வீடு. மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள உறவை மருத்துவர்கள் குழந்தைகளிடம் தேடத் தொடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இல்லத்தின் தலைமை மருத்துவர் சார்லஸ் பிராட்லி, ஜார்ஜுக்கு உறவுமுறை. பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். பள்ளிக்கூடமும் உள்ளேயே. காலையில் எழுவது முதல் இரவு தூங்குவது வரை செவிலியரோ ஆசிரியரோ யாராவது ஒருவர் கண் அவர்கள்மேல் இருந்தது. பார்த்ததை எழுதியும் வைத்தார்கள். இந்த விவரத்தை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையின் கதையில் மாத்திரையைவிடப் பெரிய பாத்திரம் இதுதான் என்பது என் கட்சி.

மூளையில் ஏதேனும் பழுது இருக்கிறதா என்று பார்க்க அன்று சி.டி. ஸ்கேன் கிடையாது. முதுகில் ஊசி செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரை வடித்துவிட்டு, அந்த இடத்தில் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். பெரியவர்களே அலறும் சோதனை. பிள்ளைகளுக்குப் பிறகு தாங்கமுடியாத தலைவலி. வடிந்துபோன நீர் சீக்கிரம் ஊறினால் வலி குறையும் என்று பிராட்லி கணக்குப் போட்டார். நீரை ஊறவைக்கக்கூடும் என்று அவர் நம்பி எடுத்த மருந்து பென்செட்ரின்.

பென்செட்ரினுக்கு அதற்குள் அரை நூற்றாண்டுப் பயணம் ஆகியிருந்தது. அதன் உள்ளிருக்கும் ஆம்ஃபிட்டமினை 1887இல் பெர்லினில் முதன்முதலாகத் தயாரித்தவர் லாசர் எடெலியானு என்ற ருமேனியர். அது உடலில் என்ன செய்யும் என்று அவர் பார்க்கவில்லை. பின்னாளில் பெட்ரோலியச் சுத்திகரிப்பில் பெயர் வாங்கினார். ஆஸ்துமாவுக்குச் சீனர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய மா ஹுவாங் என்ற செடியிலிருந்து எஃபிட்ரின் பிரித்தெடுக்கப்பட்டு, 1920களில் மேலை மருத்துவத்தில் அதற்குக் கிராக்கி ஏறியது. அதற்கு மலிவான மாற்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலிஸ் வேதியியலாளர் கார்டன் ஆலஸ், எடெலியானுவின் பொருளையே மறுபடி கண்டடைந்தார். 1929 ஜூன் 3 அன்று 50 மில்லிகிராமைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். மூக்கு காய்ந்தது, நெஞ்சு படபடத்தது, மனம் உற்சாகமானது. அன்றிரவு சரியாகத் தூக்கம் இல்லை. நினைப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருந்ததாகக் குறித்து வைத்தார். கவனம் சிதறும் பிள்ளைகளுக்கு உலகமெங்கும் கொடுக்கப்படப்போகிற மருந்தைப் பற்றிய முதல் குறிப்பு இது!

ஸ்மித் க்லைன் அண்ட் ஃப்ரெஞ்ச் நிறுவனம் முதலில் அதை மூக்கடைப்புக்கு உறிஞ்சும் குழலாக விற்றது, பிறகு மாத்திரையாக்கியது. மாத்திரை தயார், எந்த நோய்க்கு என்பதுதான் தெரியவில்லை. ஆராய விரும்பிய மருத்துவர்களுக்குக் கம்பெனி தாராளமாகச் சரக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. நோய் முதலில், மருந்து பிறகு என்றுதான் நாம் நினைக்கிறோம். மனநல மருத்துவத்தில் பல தடவை வரிசை தலைகீழாகவே இருந்திருக்கிறது.

தலைவலிப் பரிசோதனையில் வித்தியாசத்தைச் சட்டென்று பிடித்தவர்கள் ஆசிரியர்கள். பாடத்தில் நிலைக்காத பையன் நிலைக்கிறான், எடுத்ததை முடிக்கிறான். அந்தப் பிள்ளைகளுக்கே அது தெரிந்திருந்தது. ‘கணக்கு மாத்திரை’ என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். பிராட்லி 30 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்: 21 பையன்கள், 9 பெண்கள், வயது 5 முதல் 14 வரை. ஒரு வாரம் மருந்தில்லாமல் கவனிப்பு, ஒரு வாரம் தினமும் காலையில் மாத்திரை, மறுபடி ஒரு வாரம் மருந்தில்லாமல். 14 பேரிடம் படிப்பில் வியக்கத்தக்க மாற்றம். மாத்திரை தொடங்கிய அன்றே மாற்றம் தொடங்கியது. நிறுத்திய அன்றே போய்விட்டது. பாதிப்பேர் அமைதியானார்கள். எல்லாரிடமும் நல்லதாகவே நடந்ததாக அவர் எழுதவில்லை. சிலர் அழுதார்கள், சிலர் இன்னும் பரபரப்பானார்கள். அந்தக் கட்டுரை 1937இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் வந்தது. கிளர்ச்சி ஊட்டும் மருந்து துறுதுறுப்பான குழந்தையை அடக்குகிறதே, இது முரணாக இருக்கிறதே என்று பிராட்லி வியந்திருந்தார். அந்த வியப்பு அடுத்த நாற்பது ஆண்டுகள் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகவே சொல்லித்தரப்பட்டது. அது தவறு என்பதைப் பிறகு பார்ப்போம்.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு வந்ததும் உலகம் ஓடிவந்திருக்க வேண்டுமல்லவா? யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிராட்லி 1941இல் 100 பிள்ளைகளையும், 1950இல் அதைவிட அதிகமான பிள்ளைகளையும் பற்றி எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவம் அப்போது ஃப்ராய்டின் வழியில் இருந்தது. குழந்தையின் சேட்டைக்கு வேர் தாயிடம் என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு மாத்திரை ஒரு பொருட்டாகப் படவில்லை. பென்செட்ரின் இதற்கிடையில் போர்முனைக்குப் போனது, சிப்பாய்களைத் தூங்கவிடாமல் வைத்தது, பிறகு உடம்பு இளைக்க விரும்பியவர்களிடமும் லாரி ஓட்டுநர்களிடமும் போய்ச் சேர்ந்தது. பிராட்லி 1948இல் ஓரிகன் மாநிலத்துக்குப் போய்விட்டார். 1957இல் அவருடைய பழைய இல்லத்திலிருந்து மாரிஸ் லாஃபரும் எரிக் டென்ஹாஃபும் இந்தப் பிள்ளைகளின் நிலைக்கு ‘மிகை இயக்க உந்துதல் கோளாறு’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். மருந்து வந்து இருபது வருடம் கழித்து நோய்க்குப் பெயர்.

அதற்குள் சுவிட்சர்லாந்திலிருந்து மாத்திரைக்கு ஓர் இளைய உறவு கிளம்பியிருந்தது. பாசல் நகரத்து சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிசோன் 1944இல் மெத்தில்ஃபெனிடேட்டைத் தயாரித்தார். தான் சாப்பிட்டுப் பார்த்தார், ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மனைவி மார்கெரிட்டுக்கு ரத்த அழுத்தம் குறைவு. டென்னிஸ் ஆடப்போகும் முன் போட்டுக்கொண்டார், ஆட்டம் சுறுசுறுப்பானது. வீட்டில் அவரை ரீட்டா என்றுதான் கூப்பிடுவார்கள். ரிட்டாலின் பிறந்தது அப்படி. 1950களின் நடுவில் கடைக்கு வந்தபோது அது சோர்ந்துபோன பெரியவர்களுக்கான மாத்திரை. குழந்தைகள் அதன் கணக்கிலேயே இல்லை.

குழந்தைகளை அதன் கணக்கில் சேர்த்த இடம் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அங்கே 1930இல் குழந்தைகள் மனநலப் பிரிவைத் தொடங்கியவர் லியோ கானர். 1935இல் அவர் எழுதிய ‘குழந்தை மனநல மருத்துவம்’ ஆங்கிலத்தில் அந்தத் துறைக்கு முதல் பாடநூல் என்று சொல்லப்படுகிறது. ஆட்டிசத்தை 1943இல் விவரித்தவரும் அவர்தான். ஆனால் பாடநூல் இருந்ததே தவிர, படித்தவர் அறிவை அளந்து சான்று தரும் ஏற்பாடு தாமதமாகவே வந்தது. குழந்தை மனநல மருத்துவத்துக்கு அமெரிக்க வாரியம் தனிச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது 1959இல்தான். கானரின் மாணவர் லியான் ஐசன்பெர்க். அவரோடு வந்து சேர்ந்த உளவியலாளர் கீத் கானர்ஸ். பெயர் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் குருவையும் இவரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐசன்பெர்க்கும் கானர்ஸும் ரிட்டாலினை, போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, குழந்தைகளிடம் முறையாகச் சோதித்த முடிவுகள் 1963இல் வெளிவந்தன. பிராட்லியிடம் இல்லாத கட்டுப்பாடு இதில் இருந்தது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். மாத்திரை வேலை செய்கிறதா என்பதை எப்படி அளப்பது? ரத்தப் பரிசோதனை இல்லை, எக்ஸ்ரே இல்லை. பிராட்லி இல்லத்துக் குழந்தைகளை ஆசிரியர்கள் பகலெல்லாம் பார்த்தார்கள் அல்லவா, அந்தப் பார்வையை ஒரு காகிதத்தில் கொண்டுவர வேண்டும். கானர்ஸ் அந்தக் காகிதத்தைச் செய்தார். 39 கேள்விகள், ஓயாமல் அசைகிறானா, எடுத்ததை முடிக்காமல் விடுகிறானா, மற்ற பிள்ளைகளைத் தொந்தரவு செய்கிறானா என்று வகுப்பாசிரியர் குறிப்பிட வேண்டும். 1969இல் அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே சொல்லிவிட்டது: குழந்தைகளிடம் மருந்தாய்வு செய்வதற்கான ஆசிரியர் மதிப்பீட்டு அளவை. மருந்தின் விளைவை அளக்கத்தான் அது பிறந்தது. யாருக்கு நோய் என்று சல்லடை போட்டுத் தேட அல்ல. பின்னர் 10 கேள்விகளாகச் சுருங்கிய அந்தப் படிவம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் என்று, மாத்திரையைவிட வேகமாக உலகம் சுற்றியது. 15 மதிப்பெண் தாண்டினால் சந்தேகம் என்ற வழக்கும் கூடவே போனது. மதிப்பெண் போட்டுப் பழகிய ஆசிரியர் கையில் இன்னொரு மதிப்பெண் தாள்.

மாத்திரை பெருகியதும் எதிர்ப்பும் வந்தது. 1970 ஜூனில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை, ஒமாஹா நகரப் பள்ளிகளில் ஏராளமான பிள்ளைகளுக்கு நடத்தைக்கான மருந்து தரப்படுவதாக எழுதியது. அந்த எண்ணிக்கை பிறகு சர்ச்சைக்குள்ளானாலும் செப்டம்பரில் நாடாளுமன்றக் குழு விசாரணையே நடந்தது. அடுத்த ஆண்டு ஆம்ஃபிட்டமினும் ரிட்டாலினும் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் போயின. நோயின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. 1968இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியல் கையேட்டில் குழந்தைப் பருவ மிகை இயக்கம், 1980இல் கவனக்குறைவுக் கோளாறு, 1987இல் இன்று பள்ளி வாட்ஸ்ஆப் குழுக்களில்கூடப் புழங்கும் ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு.

முரண் என்று நாற்பது ஆண்டு நம்பியது உடைந்தது 1978இல். மனநல மருத்துவர் ஜூடித் ராப்பபோர்ட், எந்தக் கோளாறும் இல்லாத 14 பையன்களுக்கு ஒருமுறை ஆம்ஃபிட்டமின் வகை மாத்திரையைக் கொடுத்தார். பெற்றோர் பலர் மருத்துவ ஆராய்ச்சி உலகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அடங்கி உட்கார்ந்தார்கள், கவனம் கூடியது. அதாவது அந்த மாத்திரை யாருக்கும் அதையேதான் செய்கிறது. இதன் பொருள் பெரியது: மாத்திரை கொடுத்தேன், சரியானான், ஆகவே இவனுக்கு நோய் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. இன்றும் இந்தத் தர்க்கத்தைப் பெற்றோர் சொல்லக் கேட்கலாம், சில மருத்துவர்களும்தான் சொல்கிறார்கள். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை மீட்டெடுக்கும் வாயில்களை ரிட்டாலின் அடைக்கிறது; வழக்கமான அளவு ஒன்றே பாதிக்குமேல் வாயில்களை அடைத்துவிடுகிறது என்று மனநல மருத்துவர் நோரா வோல்கோ 1998இல் ஸ்கேன் எடுத்துக் காட்டினார். அந்த வாயில்கள் நோயுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உண்டு.

இனி, இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதும் ஆய்வு. அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனம் நடத்தி, 1999 டிசம்பரில் முடிவு வெளியான எம்.டி.ஏ. 7 முதல் 9 வயது வரையிலான 579 பிள்ளைகள், 14 மாதம், நான்கு பிரிவு. ஒரு பிரிவுக்கு ஆய்வாளர்களின் மேற்பார்வையில் மருந்து, ஒன்றுக்கு நடத்தைப் பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும், கடைசிப் பிரிவினர் தங்கள் ஊர் மருத்துவரிடமே போகலாம். துறுதுறுப்பும் கவனச் சிதறலும் குறைந்ததில் மேற்பார்வையில் மருந்து பெற்ற இரண்டு பிரிவுகளும்தான் முன்னே நின்றன. கம்பெனிக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், பத்திரிகைகள் ‘மாத்திரை ஜெயித்தது’ என்ற பாணியில் எழுதின. ஆனால் கடைசிப் பிரிவைப் பாருங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் அதே வகை மாத்திரைதான் சாப்பிட்டார்கள். அப்படியும் பின்தங்கினார்கள். காரணம் என்ன? ஆய்வுப் பிரிவில் மாதம் ஒருமுறை அரைமணி நேரம் மருத்துவர் பார்த்தார், ஆசிரியரிடம் விசாரித்தார், அளவைக் கூட்டிக் குறைத்துப் பொருத்தினார். ஊர் மருத்துவர் பார்த்தது ஆண்டுக்கு இரண்டு முறை சொச்சம், அதுவும் அவசரமாக. கிழக்கு பிராவிடன்ஸில் பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்த கண்கள்தான் இங்கேயும் வித்தியாசத்தை உண்டாக்கின என்று நான் வாசிக்கிறேன்.

மூன்று ஆண்டு முடிவில், அந்த மேற்பார்வை நின்ற பிறகு, நான்கு பிரிவுகளுக்கும் இடையே வித்தியாசம் மறைந்திருந்தது. தொடர்ந்து மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகள் உயரத்தில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். முதல் அறிக்கைக்குக் கிடைத்த தலைப்புச் செய்தி இதற்குக் கிடைக்கவில்லை.

2015இல் காக்ரேன் ஆய்வுக்குழு மெத்தில்ஃபெனிடேட்டைப் பற்றிய 185 சோதனைகளைத் திரட்டிப் பார்த்து, பலன் இருக்கிறது, ஆனால் சான்றின் தரம் குறைவு என்றது. 2018இல் லான்செட் குழும இதழில் வந்த பெரிய ஒப்பீடோ குறுகிய காலத்துக்குக் குழந்தைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட்தான் முதல் தேர்வு என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்க்கக் கோரி வந்த விண்ணப்பம் 2019இலும் 2021இலும் திருப்பி அனுப்பப்பட்டது. கேள்வித்தாளைச் செய்த கீத் கானர்ஸே 2013இல், எண்பது வயதில், அமெரிக்காவில் நோய்ப்பெயர் சூட்டப்படும் வேகத்தைத் தேசியப் பேரழிவு என்று நியூயார்க் டைம்ஸிடம் சொன்னார். உண்மையான நோயை மறுத்தவர் அல்ல அவர். தன் காகிதம் போன இடங்களைப் பார்த்துத்தான் கவலைப்பட்டார்.

அந்தக் காகிதம் கோயம்புத்தூருக்கும் வந்தது. 6 முதல் 11 வயது வரையிலான 770 பள்ளிப் பிள்ளைகளிடம், கானர்ஸின் சுருக்கப் படிவத்தைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கொடுத்து நடத்திய ஆய்வு 2013இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வந்தது. 11.32 சதவீதம் பேருக்கு ஏ.டி.எச்.டி. என்றது அது. நாற்பது பேர் வகுப்பில் நாலைந்து பேர். இந்த எண்ணைக் கேட்டு ஒருவர் பயப்படலாம், இன்னொருவர் நாற்பது பேரை ஓர் அறையில் ஆறுமணி நேரம் உட்காரவைப்பதைப் பற்றி யோசிக்கலாம். நான் இரண்டையும் செய்வேன்.

இந்தியாவுக்கு இந்தத் துறை புதிதல்ல. பிராட்லி கட்டுரை வந்த அதே 1937இல் பம்பாயில், டாட்டா சமூகப்பணிப் பள்ளியில், நாட்டின் முதல் குழந்தை வழிகாட்டு மையம் திறக்கப்பட்டது. இன்று பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தை, வளரிளம்பருவ மனநலத்துக்கென்றே தனித் துறையும் மேற்படிப்பும் உண்டு. ஆனால் அடிவாரம் மெலிது. எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தேர்வுத்தாள் கிடையாது, அது பொது மருத்துவத்துக்குள் ஒரு பகுதி. பயிற்சியும் சில வாரங்களே. அதிலும் குழந்தைகளுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. கிடைக்காத ஊர்களில் அட்டமாக்செடின் போன்ற வேறு மருந்துகளை எழுதுகிறார்கள். ஆக, இங்கே மாத்திரைக்குப் பூட்டு, படிவத்துக்குப் பூட்டு இல்லை. இணையத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம், பத்து நிமிடத்தில் நிரப்பலாம், வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம்.

உங்கள் பிள்ளையின் பள்ளியிலிருந்து அப்படி ஒரு தாள் வந்தால் கோபப்பட வேண்டாம், நிரப்பிக் கொடுங்கள். ஆசிரியர் பார்த்தது உண்மையாக இருக்கலாம். மாத்திரை தேவைப்பட்டாலும் அஞ்ச வேண்டாம். சரியான குழந்தைக்குச் சரியான அளவில் அது பலன் தருகிறது. ஆனால் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தாளில் உள்ள மதிப்பெண்ணைத் தவிர வேறு எதை வைத்து முடிவு செய்தீர்கள்? பசி, தூக்கம், உயரம் இவற்றை எப்போதெல்லாம் அளப்பீர்கள்? அடுத்து எப்போது பார்ப்பீர்கள், ஆசிரியரிடம் யார் பேசுவது? மூன்றாவதற்கு ‘ஆறு மாதம் கழித்து வாங்க’ என்று பதில் வந்தால் வேறொரு மருத்துவரைப் பாருங்கள்.